படமும் பேசும், பழைய சேலையும் உதவும்

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்களில் பட்டுத்தறிச் சத்தம் யாருக்கும் சத்தமாகவே தெரியாது. ஒரு பக்கம் நாடா ஓடும், அச்சு அடிக்கும். பக்கத்திலேயே பிள்ளைகள் தூங்குவார்கள், பாடம் படிப்பார்கள். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு மட்டும் அதே சத்தம் பொறுக்க முடியாத வலி. காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை ‘அடம் பிடிக்கிறான்’ என்று அதட்டுகிறோம். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்பதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோயறிதல் கையேட்டிலேயே சேர்த்துவிட்டது.

உதவிப் பொருள் என்றதும் பெற்றோர் இணையக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை போட்ட பொம்மைகளைத் தேடுகிறார்கள். நெசவுக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது தாங்காது; தேவையும் இல்லை. பிள்ளைக்கு எது கஷ்டம் என்று கவனித்துத் தேர்ந்தெடுத்தால், சில நூறு ரூபாய்க்குள்ளேயே நிறையச் செய்யலாம்.

சத்தம்தான் தொல்லை என்றால், இரைச்சலான இடங்களில் தொழிலாளர்கள் மாட்டும் காதுக்கவசம் போதும். தறி ஓடும்போது, பட்டாசு வெடிக்கும்போது, திருவிழாக் கூட்டத்தில் மாட்டிவிடலாம். நாள் முழுக்க வேண்டாம்; காது அமைதிக்கே பழகிப்போனால் சின்ன ஓசைகூடப் பெரிதாகக் கேட்கும்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பதற்றம் பல பிள்ளைகளுக்கு உண்டு. அதற்கு மருந்து போல உதவுவது படப் பலகை. வடகரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் வளர்த்தெடுத்த ‘டீச்’ பயிற்சிமுறையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஜக்கார்டு அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தறிக்கு அடுத்த இழையைச் சொல்வதுபோல, இந்தப் படங்கள் பிள்ளைக்கு அடுத்த வேலையைச் சொல்கின்றன. செய்வதும் எளிது. பிள்ளையின் பல்துலக்கி, குளிக்கும் வாளி, சாப்பாட்டுத் தட்டு, பள்ளிப் பை ஆகியவற்றை செல்பேசியில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு லேமினேட் செய்ய வேண்டும். பட்டுச்சேலைப் பெட்டியின் கெட்டி அட்டையில் வெல்க்ரோ துண்டுகளை ஒட்டி, படங்களை மேலிருந்து கீழாகப் பொருத்த வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே பிய்த்து, ‘முடிந்தது’ டப்பாவில் போடட்டும். முதலில் இரண்டு படங்கள் போதும்.

பேச்சு வராத பிள்ளைக்கும் படமே கைகொடுக்கிறது. 1985இல் அமெரிக்காவின் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் ‘பெக்ஸ்’ முறையை உருவாக்கினார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளை தம்ளர் படத்தை எடுத்துக் கொடுக்கும்; தண்ணீர் உடனே கிடைக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகி ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாகப் பேசும். இன்று அது செயலியாகத் தமிழிலும் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் பிறந்த, இதேபோன்ற ‘ஜெல்லோ’ செயலி இலவசம்.

‘படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராது’ என்று பல வீடுகளில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அந்தப் பயத்துக்கு நேர்மாறாகச் சொல்கிறது: இப்படிப்பட்ட உதவிகளால் யாருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடியிருந்தது.

உடலுக்கு அழுத்தமும் ஆட்டமும் கிடைத்தால் அமைதியாகும் பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாமல் நிறுத்தும் சட்டத்தைப் பார்த்து, இளம் வயதிலேயே தனக்கென ஓர் அணைப்பு இயந்திரம் செய்துகொண்டவர். அந்த அழுத்தத்துக்காக விலை கூடிய எடைப் போர்வை வாங்கத் துடிக்க வேண்டியதில்லை. 2014இல் வந்த பிரிட்டன் ஆய்வில், அந்தப் போர்வையால் பிள்ளைகளின் தூக்கம் கூடவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவே. தானாகத் தள்ளிவிட முடியாத பிள்ளைக்கு அதைப் போர்த்துவது ஆபத்து. நம் வீட்டுப் பழைய சேலையில் கட்டும் ஏணை பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உத்தரம் உறுதியாக இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்தக் கருவியும் ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்தாது’. அப்படிச் சொல்லி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். எது பொருந்தும் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ கேட்பதே சரி. ஆரணியிலிருந்து வேலூர் போகும் வழியில், பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் ‘நம்பிக்கை நிலையம்’ இருக்கிறது. பெற்றோருக்கும் பயிற்சி தரும் இடம் அது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற்ற பிள்ளையை, தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் சேர்க்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில் தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. கடன் வாங்கிப் பொருள் வாங்குவதற்கு முன், அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிடுங்கள்.