கறையான் புற்றும் கடலைக் கொல்லையும்

ஐப்பசி மழை பிடித்து இரண்டொரு நாள் சென்றதும், புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் மேடுகளில், ஆடு மேய்ப்போரும் பள்ளிப் பிள்ளைகளும் கறையான் புற்றுகளின் ஓரமாகக் குனிந்து தேடித் திரிவதைக் காணலாம். இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது அவர்கள் சாஸ்திரம். இடியின் பங்கு எவ்வளவோ, ஈரத்தின் பங்கு சந்தேகத்துக்கு இடமற்றது.

புற்றுக்காளானைப் பிடுங்குகிறவன், அதன் காம்பு வேரைப்போல் நீண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதைக் காண்பான். அதைத் தொடர்ந்து பொறுமையாய்த் தோண்டினால், அடியிலே கடற்பஞ்சை ஒத்து, பழுப்பு நிறமாய், தொட்டால் உதிர்கிற கூடு ஒன்று அகப்படும். கறையானின் விளைநிலம் அதுதான். சருகையும் கட்டையையும் கடித்து விழுங்கினாலும், அவற்றிலுள்ள லிக்னின் என்னும் கடினப் பொருளைத் தானே ஜீரணிக்கும் சக்தி போதாமையால், அரைகுறையாய்ச் செரித்த எச்சத்தைக் கூடாகக் கட்டி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அது பக்குவப்படுத்தித் தந்ததையும் கூட்டின்மேல் அரும்பும் வெண்மணிகளையும் கறையான் ஆகாரமாகக் கொள்கிறது. இவ்வேற்பாடு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிற்று என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. மனிதன் பயிரிடத் தொடங்கியது நேற்றைய சமாசாரம். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிற நம் ஜனங்கள், நாகத்தோடு இந்தப் பழைய குடியானவனையும் சேர்த்தே கும்பிடுகிறார்கள் போலும்.

நாம் பறிக்கும் குடை, பூஞ்சையின் கனி மாத்திரமே. மெய்யான உடல், நுண்ணிய இழைகளாய் மண்ணிலும் மரத்திலும் பரவிக் கிடப்பது. தாவர வர்க்கத்திலும் சேராமல், பிராணி வர்க்கத்திலும் சேராமல், வண்டின் ஓட்டிலுள்ள அதே கைட்டினால் சுவர் எழுப்பிக்கொண்டு, உடலுக்கு வெளியே ரசத்தைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சி வாழ்கிற தனி ஜாதி இது. இந்த ஜீரணம் இல்லையேல் காட்டில் விழுந்த விருட்சம் மட்குவதேது?

இரும்பு மிகுந்த செம்பொறை மண்ணில் மணிச்சத்து இறுகிப்போய், வேருக்கு எட்டாமல் நின்றுவிடும். விவசாயிகள் ‘வேம்’ என்று வாங்கிப் போடும் வேர்ப்பூசணம், பயிரிடம் சர்க்கரை பெற்று, அந்த மணிச்சத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறது. பயறு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ள வம்பன் வட்டாரத்தில், விதைக்குமுன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கும் முறையும் பழகியதே. வேரழுகல் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து அதைத் தின்று தீர்க்கும் பூஞ்சை அது.

ஆடிப்பட்டத்துக் கடலைக்கு வரும் ஆபத்தோ வேறு. காய் முற்றும் தறுவாயில் வறட்சி தாக்கினாலும், பறித்துப் போட்டதை மழை நனைத்தாலும், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் மஞ்சட்பச்சைப் பூசணம் பருப்பில் குடியேறி, ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் வித்திடும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாமல் மாண்டபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்நஞ்சு முதன்முதலில் பிடிபட்டது. அடுப்பிலேற்றி வேகவைத்தாலும் அது எளிதில் அழிவதில்லை. ஆகவே காயைப் பறித்தவுடன் நன்றாய்க் காயவைப்பதே முதற் காரியம். சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கித் தள்ளுவது அடுத்தது. தள்ளியதைச் செக்குக்கு அனுப்பிவிடுகிற வழக்கம்தான் எனக்குச் சம்மதமில்லை: எண்ணெய் போக எஞ்சும் புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில், ஓரிரு நாளுக்குள் அந்நஞ்சின் ஓர் உருவம் வந்துவிடுகிறது.