மாத்திரையை ஒளிக்காத எழுத்தாளர்

கோபிகிருஷ்ணனின் பெயர் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அவ்வளவாக அடிபடுவதில்லை. 1945இல் மதுரையில் பிறந்து 2003இல் மறைந்த சிறுகதைக்காரர். உளவியலும் சமூகப்பணியும் படித்து மனநோயாளிகளோடு வேலை பார்த்தவர். தானும் மனநலச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர். எழுத்தில் அதை மறைக்கவேயில்லை. ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில் மனநோயாளிகளையே பேசவிட்டார். மருத்துவக் குறிப்பில் இரண்டு வரியாகச் சுருங்கிப்போகிறவர்கள் அங்கே வீடும் வேலையும் கோபமும் உள்ள மனிதர்களாக வருகிறார்கள்.

அவரை இன்று நினைக்க எனக்குக் காரணம் அந்தத் தொனி. அனுதாபம் தேடி எழுதவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் சொல்வதுபோலச் சொன்னார். அப்படிச் சொல்ல நம் ஊரில் இன்னும் ஆளில்லை. பெண்ணுக்கு வரன் அமையாது, தெருவில் பேசுவார்கள் என்று மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறோம்.

இடுப்புவலியாக வருகிற நோய்

நம் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் லைனில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் சமையல், கம்பெனி பஸ், நாள் முழுக்க டார்கெட், வீடு திரும்பினால் மறுபடி அடுப்படி. இவர்களில் ஒருத்திக்கு மனச்சோர்வு வந்தால், “மனசு சரியில்லை” என்று டாக்டரிடம் போகமாட்டாள். தலைவலி, இடுப்புவலி, நெஞ்செரிச்சல் என்றுதான் போவாள். ஊசியும் சத்து டானிக்கும் வாங்கி வருவாள். வலி பொய்யில்லை. மனச்சோர்வு உடம்பிலும் வலிக்கும்.

அதனால் வலியோடு வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியில்லை, குளிக்கக்கூட அலுப்பு, “என்னால் எல்லோருக்கும் பாரம்” என்ற பேச்சு என்றால் அது சோம்பேறித்தனமில்லை, நோய். தோல் ஷாப்பில் நிற்கிற ஆண்களிடம் இதே நோய் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படலாம். ரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு இரண்டும் ஏறக்குறைய இப்படியே காட்டும். அவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சாக நினைக்கிறாயா என்று கேட்கப் பயப்படுகிறோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பாகாயத்தில் வீட்டாரும் சேர்ந்து

மனநோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவது வழக்கமாயிருந்த 1950களில், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ். அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கவேண்டும். அம்மாவோ கணவரோ அக்காவோ கூடவே இருந்து, நோய் என்ன, மருந்து ஏன், திட்டினால் ஏன் மோசமாகும் என்று கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். உலகமே பிறகு பேசிய ஒரு முறை, நமக்குப் பக்கத்தில், ஒரு பஸ் தூரத்தில் நடந்திருக்கிறது. தர்காவுக்கும் கோயிலுக்கும் ஜெபத்துக்கும் போகிறவர்கள் போகட்டும். மனம் ஆறினால் நல்லதுதான். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்து தாமதமாகத்தான் பேசும்

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசான சோர்வுக்கு ஆலோசனையே போதுமாயிருக்கும். மாத்திரை என்று முடிவானால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டலும் படபடப்பும் மட்டும் முதல் வாரமே வந்துவிடும். நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும். நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்கவேண்டும். தூக்க மாத்திரையை மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது வைத்தியமே இல்லை.

இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால்

கம்பெனியில் சம்பளத்தில் பிடிக்கிற இ.எஸ்.ஐ. பணத்துக்குக் காய்ச்சலும் பிரசவமும் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். நீண்டகால நோய்களுக்கென்று இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் பட்டியலில் தீவிர மனச்சோர்வின் ஒரு வகையும் மனச்சிதைவும் இருக்கின்றன. இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்து, கட்டவேண்டிய சந்தாவும் கட்டியிருந்தால், டாக்டர் சான்றின்பேரில் நீண்ட விடுப்பில் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். இரண்டு வருடம்வரை நீட்டிக்க வழியுண்டு. ராஜினாமாக் கடிதம் எழுதும் முன்பு இதை டிஸ்பென்சரியில் கேளுங்கள்.