ஆகாயம் தரும் ஆழிச் சேதி

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கருகே பூகம்பம் நேர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப் பேரலை நம் சோழமண்டலக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அத்தனை அவகாசமிருந்தும், சேதி சொல்வாரின்றி, நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அப்பேரலை ஆகாயத்திலும் தன் சுவட்டைப் பதித்திருந்தது என்பதைப் பின்னர் விஞ்ஞானிகள் கண்டனர். விரிந்த கடற்பரப்பு ஒருசேர எழுந்து தாழும்போது மேலுள்ள காற்றும் அசைகிறது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் அவ்வசைவு பெருகி, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனமண்டலத்தைக் கலக்குகிறது. அதனூடே வரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் வானொலி அலைகளுக்கு நேரும் தாமதம் அப்போது கூடிக் குறைகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் கைபேசியும், ஒரகடத்தில் உருவாகும் மோட்டாரும் அத்தகைய அலைகளைக் கொண்டுதான் தாம் இருக்குமிடத்தை அறிகின்றன. அவற்றுக்குப் பிழையாகும் தாமதமே கடற்கரைக்குத் தூதாகிறது!

2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தபோது, அமெரிக்க நாஸாவின் ‘கார்டியன்’ என்னும் ஏற்பாடு, பேரலை ஹவாய்த் தீவுகளைத் தொடுவதற்கு அரை மணிக்கு முன்பே இச்சுவட்டைக் கண்டுகொண்டது.

கலக்கம் மேலே எட்டுவதற்குச் சில நிமிஷங்களாவது ஆகும். ஆதலால் பூகம்பத்துக்கு அருகே வாழும் நிக்கோபார் தீவினருக்கு இது அவ்வளவாக உதவாது; நிலம் அதிர்ந்ததும் மேட்டுக்கு ஓடுவதே அவர்களுக்கு ரட்சை. நமக்கோ, சுமத்ராவிலிருந்து அலை வர இரண்டு மணி நேரம் உண்டு. 2007 முதல் ஹைதராபாத் எச்சரிக்கை நிலையம் பூகம்பமானிகளையும் கடலடி அழுத்தமானிகளையும் கொண்டு காவலிருக்கிறது. ஆகாயத்தின் சாட்சியமும் அதனுடன் சேருமானால் எச்சரிக்கை உறுதிப்படும். வீண் பீதியும் குறையும்.