மதகு திறக்கும் முன் அறியும் உரிமை

ஆற்றின் குறுக்கே நிற்கும் அணை, அதன் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களுக்கு இரண்டு வழிகளில் ஆபத்தாக முடியலாம். கட்டுமானம் உடைந்து, தேங்கிய நீர் முழுவதும் சில மணி நேரத்தில் வெளியேறுவது ஒரு வழி. அணை உறுதியாக நிற்கும்போதே, அதைக் காப்பதற்காக மதகுகள் திறக்கப்பட்டு, ஆறு தாங்கும் அளவுக்கு மேல் நீர் விடப்படுவது மற்றொரு வழி. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு இரண்டாம் அணை உடைந்து மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டது முதல் வகையைச் சேர்ந்தது. அந்த அணையின் உபரிநீர்ப் போக்கி, அதாவது கொள்ளளவை மீறும் நீரைச் சேதமின்றி வெளியேற்றுவதற்கான அமைப்பு, எந்த அளவு வெள்ளத்துக்குத் திட்டமிடப்பட்டதோ அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்து சேர்ந்தது. அந்தப் பேரழிவை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையமோ அறிக்கை அளிக்கும் முன்னரே கலைக்கப்பட்டது. இத்தகைய உடைப்புகள் அரிதானவை. ஆனால் மதகு திறப்பினால் வரும் வெள்ளம் பருவமழைதோறும் நிகழக்கூடியது என்பதாலும், அது பெரும்பாலும் இயற்கைச் சீற்றம் என்ற பெயரில் மறக்கப்பட்டுவிடுகிறது என்பதாலும், அதைப் பற்றியே மக்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியுள்ளது.

வெள்ளத் தடுப்பையே முதன்மை நோக்கமாகக் கொண்டு கட்டப்பட்ட அணைகள் கூட இந்த ஆபத்திலிருந்து விலகியவை அல்ல என்பதற்கு மேற்கு வங்கத்தின் தாமோதர் ஆறு தெளிவான சான்று. 1943-இல் அந்த ஆறு கரையை உடைத்து, போர்க்காலத்தில் கல்கத்தாவின் சாலை, இரயில் தொடர்புகளைத் துண்டித்ததையடுத்து, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைச் சேர்ந்த பொறியாளர் வூர்துயின் ஒரு திட்டம் வகுத்தார். நொடிக்கு 10 லட்சம் கன அடி வரை வரக்கூடிய வெள்ளத்தை அணைகளில் தேக்கி, கீழே 2.5 லட்சம் கன அடிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துவது அதன் இலக்கு. (ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர்.) 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது, ஆயினும் திட்டமிட்ட அணைகளில் திலையா, கோனார், மைதான், பாஞ்சேத் ஆகிய நான்கை மட்டுமே அது 1953-க்கும் 1959-க்கும் இடையில் கட்டி முடித்தது.

வெள்ளத் தடுப்பு அணையின் பயன் அதில் உள்ள நீரில் இல்லை, மழைக்காலத்தில் அதில் காலியாக விடப்படும் இடத்திலேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது அதை வாங்கிக்கொள்ள ஒதுக்கப்படும் அந்த இடமே வெள்ளக் கொள்ளளவு எனப்படுகிறது. மைதானிலும் பாஞ்சேத்திலும் நீர் உயர்ந்தால் மூழ்கக்கூடிய நிலம் முழுவதும் கையகப்படுத்தப்படாததால், வகுக்கப்பட்ட வெள்ளக் கொள்ளளவை முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை; எஞ்சிய இடத்தையும் ஆண்டுதோறும் வண்டல் குறைத்துவருகிறது. பாசனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மின்னாக்கத்துக்கும் அணை நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத் தடுப்புக்கோ அது காலியாக இருக்க வேண்டும் என்னும் முரண்பாட்டில், நிரம்பியிருப்பதன் பயனைக் கேட்போரின் குரல் ஆண்டு முழுவதும் ஒலிக்க, காலியாக இருப்பதால் பிழைக்கும் மக்களின் குரல் வெள்ள நாள்களில் மட்டுமே கேட்கிறது. அதோடு, சிறு வெள்ளங்களை அணை தடுத்துவிடுவதால் ஆறு தன் மணலையும் வண்டலையும் அடித்துச் செல்ல வலுவின்றி மேடேறுகிறது. வெள்ளம் இனி வராது என்ற நம்பிக்கையில் ஆற்றுச் சமவெளியில் வீடுகளும் வயல்களும் பெருகுகின்றன. ஆகவே முன்பு ஆற்றுக்குள் அடங்கிப் போன அளவு நீரே பின்னர் ஊருக்குள் புகுகிறது. 2024 செப்டம்பரில் மைதான், பாஞ்சேத் அணைகளிலிருந்து திறப்பு 2.5 லட்சம் கன அடியைத் தொட்டபோது ஹூக்ளி, ஹவுரா மாவட்டங்களின் தாழ்நிலங்கள் மூழ்கின. மாநில அரசு இதை மனிதர் உருவாக்கிய வெள்ளம் என்றது. மேற்கு வங்கத்தின் பிரதிநிதியும் இடம்பெறும் நீர்த்தேக்க ஒழுங்குமுறைக் குழுவின் வழியாகவே முடிவெடுக்கப்பட்டது என்று மத்திய அரசுத் தரப்பு கூறியது. இந்த வாதத்தில் இரு தரப்பிலும் அரசு அமைப்புகளே பேசின. மூழ்கிய ஊர்களுக்கு அந்தக் குழுவில் இடமில்லை.

தமிழ்நாட்டிலும் இதே வாதம் எழுந்துள்ளது. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணையின் கரையூர்கள் மூழ்கியபோது, படிப்படியாக ஐந்து முறை எச்சரித்ததாக அரசும், எச்சரிக்கை இல்லை என்று எதிர்க்கட்சிகளும் கூறின. எச்சரிக்கை எப்போது, எந்த ஊருக்கு, யார் மூலம் சென்றது என்ற பதிவு பொதுவெளியில் இருந்திருந்தால், இந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

அத்தகைய வெளிப்படைத்தன்மையைச் சட்டமே கோருகிறது. 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட தன்மைகள் கொண்டவற்றுக்கும் பொருந்தும். அணையின் உரிமையாளர், அதாவது பெரும்பாலும் மாநில நீர்வளத் துறை, பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையை ஆய்வு செய்ய வேண்டும். கீழ்ப்பகுதியில் வெள்ள எச்சரிக்கை அமைப்பை நிறுவ வேண்டும். எதிர்பார்க்கப்படும் உச்ச நீர்வரத்து, நீர்வெளியேற்றம், அவற்றால் மக்களுக்கும் உடைமைகளுக்கும் நேரக்கூடிய பாதிப்பு ஆகியவற்றைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அவசரகாலச் செயல் திட்டத்தை உருவாக்க வேண்டும். அணை உடைந்தாலோ பெருமளவு நீர் திறக்கப்பட்டாலோ எந்த ஊர் மூழ்கும் என்பதைக் காட்டும் வரைபடமும், யார் யாருக்குத் தகவல் சொல்வது, மக்களை எப்படி வெளியேற்றுவது என்பதும் அடங்கிய ஆவணம் அது.

இந்தச் சட்டத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 10 மீட்டருக்குக் குறைந்த கரையுள்ள ஏரிகள் இதன் எல்லைக்கு வெளியே உள்ளன. உத்தரவை மீறுவோருக்கு ஓராண்டு வரையிலும், அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. ஆனால் அரசோ சட்டம் அமைத்த அமைப்புகளோ முறையிட்டால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு ஏற்கும். அரசே உரிமையாளராக இருக்கும் நாட்டில், வீட்டை இழந்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு பற்றியும் சட்டம் பேசவில்லை. இது பெரும் அநீதி. திருத்தம் தேவைப்படும் இடம் இதுவே.

எனினும் வேறு வழிகள் உள்ளன. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் லார்ஜி புனல்மின் திட்டத்திலிருந்து திடீரெனத் திறக்கப்பட்ட நீர், பியாஸ் ஆற்றில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. அந்த மாநில உயர் நீதிமன்றம் 2016-இல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாயை வட்டியுடன் வழங்குமாறு ஆணையிட்டு, அதில் பெரும்பங்கை மின்வாரியத்தின் மீதே சுமத்தியது. அதே ஆண்டு, அணையிலிருந்து வந்த நீரால் பயிர்ச் சேதம் அடைந்த குஜராத் விவசாயிகளின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அரசின் கவனக்குறைவுக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. பேரிடர் நிவாரணம் என்று வழங்கப்படும் தொகை கருணை உதவியே என்பதையும், இழப்பீடு என்பது உரிமையாகக் கேட்கத்தக்க வேறொன்று என்பதையும் பாதிக்கப்பட்டோர் வேறுபடுத்தி அறிய வேண்டும். அரசுக்கு எதிரான உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். உயிரிழப்புக்கான இழப்பீட்டு வழக்கை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுப்பதே பாதுகாப்பானது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர், வருமான வரம்பு எதுவும் பாராமல், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் ஆணைக்குழுவிடம் இதற்கு மனு அளிக்கலாம்.

வழக்கு என்பது இழந்த பின் செய்வது. இழப்பதற்கு முன் செய்யக்கூடியது தகவல் கேட்பது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தம் ஊருக்கு மேலே உள்ள அணையின் செயல் திட்டத்தையும் வெள்ள வரைபடத்தையும் கடைசி ஆய்வறிக்கையையும் எவரும் கேட்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள்ளும், உயிர் தொடர்பான தகவலானால் 48 மணி நேரத்துக்குள்ளும் பதில் வர வேண்டும். பாதுகாப்பு இரகசியம் என்று மறுக்கப்பட்டால், பொதுநலன் மேலோங்குமிடத்தில் தகவலைத் தரலாம் என்ற அதே சட்டத்தின் விதியைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டில் மார்ச் 22-இலும் மே 1-இலும் கூடும் கிராம சபைகள் பருவமழைக்கு முன்னதாகவே நடைபெறுவதால், எச்சரிக்கை ஒலி அமைப்பும் வெளியேறும் வழியும் தங்குமிடமும் கோரும் தீர்மானங்களை அங்கேயே நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவைப்பது பயன் தரும். ஏற்கெனவே இயங்கிவரும் அணைகளுக்கு அவசரகாலச் செயல் திட்டம் தயாரிக்கச் சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2026 டிசம்பர் 30-இல் முடிகிறது. அந்தத் திட்டத்தின் படியைத் தங்கள் ஊராட்சி அலுவலகத்தில் வைக்குமாறு, ஆற்றங்கரை ஊர்கள் ஒவ்வொன்றும் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.