பாட்டியை எத்தனை மணிக்குத் திருப்பினீங்க?

பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகள் வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறாள். கஞ்சி ஊட்டுகிறாள். தினமும் வெந்நீரில் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, பெட்ஷீட் மாற்றுகிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் துடைக்கும்போது பார்த்தால்... முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் உரிந்து ஈரமாக இருக்கிறது!

"இவ்வளவு சுத்தமா வெச்சிருந்தும் புண்ணு வந்துடுச்சே!" என்று அந்தப் பெண் அழாத குறை.

படுக்கைப் புண் அழுக்கால் மட்டும் வருவதில்லை. அதற்கு முக்கியக் காரணம் அழுத்தம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்கள் கட்டைவிரல் நகத்தைச் சற்று அழுத்திப் பாருங்கள். வெளுத்துப் போகிறதல்லவா? அந்த இடத்தில் ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். விரலை எடுத்ததும் மறுபடி சிவக்கிறது. மல்லாந்து படுத்தால் நம் பிட்டத்திலும் குதிகாலிலும் இதேதான் நடக்கிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. நமக்குக் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும், வலிக்கும்; தூக்கத்திலேகூடப் புரண்டு படுத்துவிடுவோம். அசைய முடியாதவர்களால் அது முடியாது. ரத்தம் கிடைக்காத சதை மெல்ல அழுகத் தொடங்குகிறது. பல சமயம் உள்ளே கெட்டுப்போன பிறகுதான் வெளியே புண்ணாகத் தெரிகிறது.

கண்டுபிடித்தது யார்?

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் படுக்கைப் புண் வராமலிருக்க ஸ்பிரிட் தடவுவார்கள், சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள், பலவித களிம்புகள் பூசுவார்கள். 'எல்லாரும் செய்கிறார்கள், நாமும் செய்வோம்' என்ற கணக்குதான். இதில் எது நிஜமாகவே பலன் தருகிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர் டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நர்ஸ். வயதான நோயாளிகளைக் கவனித்து, அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதிய ஆய்வு 1962-ல் வெளியானது. அதன் சாரம் இதுதான்: புண்ணைத் தடுப்பது களிம்பு அல்ல, குறித்த நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பி, அழுத்தத்தை விலக்குவதுதான்!

யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மார்க் ஷீட்டும் போட்டுக் கொடுத்தார். ஐந்து கேள்விகள்தான்:

1. பொதுவான உடல்நிலை எப்படி இருக்கிறது?
2. நினைவு தெளிவாக இருக்கிறதா, குழப்பமா?
3. நடமாடுகிறாரா, நாற்காலியோடு சரியா, படுக்கையே கதியா?
4. கை கால்களைத் தானாக அசைக்க முடிகிறதா?
5. சிறுநீர், மலம் தன்னை அறியாமல் போகிறதா?

ஒவ்வொன்றுக்கும் நல்ல நிலை என்றால் 4, மிக மோசம் என்றால் 1. மொத்தம் 20. கூட்டினால் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் உஷார்! பிறகு 1987-ல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற அமெரிக்க நர்ஸ்கள் சாப்பாடு, தோலின் ஈரம், படுக்கையில் இழுபடுவது ஆகியவற்றையும் சேர்த்து இன்னொரு அளவுகோலை வெளியிட்டார்கள். பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்று அது பயன்படுகிறது.

எத்தனை மணிக்கு ஒருமுறை?

இரண்டு மணிக்கு ஒருமுறை என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படுவது. "ராத்திரி பூரா ரெண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்தா, நான் படுத்துடுவேனே!" என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். நர்ஸ்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கா, கனடா நர்ஸிங் ஹோம்களில் 942 முதியவர்களை வைத்து பெர்க்ஸ்ட்ராம் குழு செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பிய மூன்று பிரிவினருக்கும் புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எல்லாரும் படுத்தது அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில். திருப்பும்போதெல்லாம் ஊழியர்கள் தோலையும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை நாளாக ஆகக் கட்டி தட்டிப்போய்விடும். அதற்கு இரண்டு மணிக் கணக்குதான் பத்திரம். நல்ல மெத்தை இருந்து, தோலும் நன்றாக இருந்தால் இடைவெளியை நீட்டலாமா என்று டாக்டரையோ நர்ஸையோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

எப்படித் திருப்புவது?

முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் முழு பாரமும் இடுப்பெலும்பின் பக்கவாட்டில் விழும். அங்கே புண் வரும். அதனால் அரைகுறையாகச் சாய்த்தால் போதும். ஒரு பக்கம் முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்து, சுமார் 30 டிகிரி சாய்வில் வையுங்கள். அப்போது வால் எலும்பும் இடுப்பெலும்பும் இரண்டுமே மெத்தையில் நேராக அழுந்தாது. அயர்லாந்தில் நர்ஸ் ஆராய்ச்சியாளர் ஸீனா மூர் குழு 213 முதியவர்களிடம் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இரவில் மூன்று மணிக்கு ஒருமுறை இப்படிச் சாய்த்து வைத்தவர்களில் 3 சதவிகிதம் பேருக்குத்தான் புண் வந்தது. ஆறு மணிக்கு ஒருமுறை முழுக்க ஒருக்களித்தவர்களில் 11 சதவிகிதம்!

பாட்டிபோல இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்களை எந்தப் பக்கம் சாய்க்கலாம், எவ்வளவு சாய்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்காமல் திருப்பாதீர்கள்.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது. தோல் உரசி உரிந்துவிடும். உடம்புக்கு அடியில் மடித்த பெட்ஷீட் ஒன்றை விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். உங்கள் முதுகும் பிழைக்கும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

செய்யக் கூடாதவை

* சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் கெடும்.
* நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள இடம் அழுந்தி, ரத்த ஓட்டம் இன்னும் குறையும்.
* ஏர் பெட் வாங்கிவிட்டோமே என்று திருப்பாமல் இருக்காதீர்கள். அது துணைதான், உங்கள் கைக்கு மாற்று அல்ல.
* புண்ணில் ஸ்பிரிட், மஞ்சள்தூள், விபூதி எதுவும் வேண்டாம்.
* ஈர டயபரோடு விட்டுவிடாதீர்கள். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

தினமும் ஒரு பார்வை

வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை, காது மடல்... தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுதான் முதல் எச்சரிக்கை. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த இடத்தில் பாரமே படாமல் வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். தோல் உரிந்தாலும் காட்ட வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், கறுத்த சதை என்றால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை.

வெறும் கஞ்சி மட்டும் போதாது. தோல் தாங்கவும் புண் ஆறவும் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, பால், தயிர், மீன் என்று முடிந்ததைக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஆஸ்பத்திரியில் கேளுங்கள்

டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் நர்ஸ் சொல்வதற்கெல்லாம் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. கேட்டவரையே திரும்பச் சொல்லவும் செய்து காட்டவும் வைப்பதுதான் நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லித்தர நல்ல வழி என்று நர்ஸ்களுக்கு இன்று பயிற்சி தருகிறார்கள். நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: "சிஸ்டர், நான் திருப்பிக் காட்டறேன். சரியா இருக்கான்னு பாருங்க!" ஐந்து நிமிஷம்தான் ஆகும். எந்த சிஸ்டரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். மணி, இடமா வலமா மல்லாந்தா, யார் திருப்பியது என்று மூன்றே விஷயம் எழுதினால் போதும். மகன், மருமகள், காலேஜ் போகும் பேரன் என்று முறை போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒருத்தியே சுமக்க வேண்டியதில்லை.

இனி ஆபீஸிலிருந்து வந்ததும் "பாட்டி சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பாட்டியை எத்தனை மணிக்குத் திருப்பினீங்க?" என்றும் கேளுங்கள். நோட்டில் நேரமாகியிருந்தால் சட்டையை மாற்றும் முன்பே ஒரு கை கொடுங்கள்!