நோய் தெரியாத நாளில் மருந்து எதற்கு?

ஆஸ்துமா என்றதும் நம் நினைவுக்கு வருபவை நுரையீரலும், மார்பில் குழாய் வைத்துப் பார்க்கும் மருத்துவருமே. ஆனால் மனவியல் அறிஞர்களும் இந்நோயைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இது வெறும் மனப்பிரமை என்று அவர்கள் சொல்லவில்லை. உண்மையான நோய்க்கு உண்மையான மருந்து இருந்தும், பலர் அதை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதது ஏன் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் 26 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்துமா இருந்தது. ஏறக்குறைய 4,55,000 பேர் அதனால் இறந்தனர். ஆகவே இது சிறிய கேள்வியன்று.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். தூசி, பூந்தாது, பூஞ்சணம் ஆகியவை நம்மில் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வாமை உடையவரின் உடலோ அவற்றைப் பகைவராக எண்ணி எதிர்க்கிறது. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-இல் படைத்தவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்களின் உட்புறம் வீங்குகிறது; சுற்றியுள்ள தசை இறுகுகிறது; சளி அடைக்கிறது. அப்போதுதான் இழுப்பு உண்டாகிறது.

இதற்கு இரு வகை மருந்துகள் உண்டு. ஒன்று, சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து. இன்ஹேலரில் உறிஞ்சிய சில நிமிடங்களில் தசை தளர்ந்து மூச்சு எளிதாகும். மற்றொன்று, குறைந்த அளவு ஸ்டீராய்டு கொண்ட தடுப்பு மருந்து. இது வீக்கத்தை மெல்ல மெல்ல, நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தணிக்கிறது. முதலாவதின் பயனை உடனே உணரலாம். இரண்டாவதின் பயனோ, வராமற்போன இழுப்பில்தான் இருக்கிறது. வராத ஒன்றை யார் கண்டு நன்றி சொல்வார்கள்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ராப் ஹோர்ன் மருந்தியல் பயின்று, பின் மனித நடத்தை ஆராய்ச்சிக்கு வந்தவர். அவரும் மனவியல் அறிஞர் ஜான் வைன்மனும் ஆஸ்துமா, சிறுநீரக நோய், இதய நோய், புற்றுநோய் உடைய 324 பேரை ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு தராசு இருப்பதை அவர்கள் கண்டனர். ஒரு தட்டில் "இம்மருந்து எனக்குத் தேவையா?" என்ற எண்ணம்; மறு தட்டில் "இதனால் தீங்கு வருமோ? இதற்கே அடிமையாகிவிடுவேனோ?" என்ற கவலை. கவலைத் தட்டு தாழ்ந்தவர்கள் மருந்தைக் குறைத்தே எடுத்துக்கொண்டனர். பெரும்பாலோர் மருந்து தேவை என்று ஒப்புக்கொண்டவர்களே. ஆயினும் அவர்களில் பலரிடம் அச்சமும் வலுவாக இருந்தது. மருந்தைத் தவறவிடுவது மறதியால் மட்டுமன்று, நம்பிக்கையாலும்தான் என்பது இதனால் விளங்கியது.

2006-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 198 பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், இழுப்பு இருக்கும்போதுதான் தமக்கு நோய் உண்டு என்று எண்ணினர். இப்படி எண்ணுபவர், நோய் தெரியாத நாளில் மருந்தைத் தொடுவாரா?

இதன் விலை என்ன என்பதை 2014-இல் பிரிட்டனில் வெளியான ஆஸ்துமா மரண ஆய்வு காட்டியது. நிவாரண மருந்தின் கணக்குக் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. தடுப்பு மருந்தின் கணக்குக் கிடைத்த 128 பேரில் 49 பேருக்கோ, அதே ஓராண்டில் நான்குக்கும் குறைவான தடுப்பு இன்ஹேலர்களே தரப்பட்டிருந்தன. 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளும், வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று கூறுகின்றன.

அப்படியானால் கண்டிப்பதா வழி? அன்று என்கிறார்கள் ஆய்வாளர்கள். நியூசிலாந்தின் கீத் பெட்ரியும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரின் தவறான எண்ணத்துக்கும் ஏற்ற குறுஞ்செய்திகளைக் கைப்பேசிக்கு அனுப்பினர். "இழுப்பு இல்லாதபோதும் நோய் இருக்கிறது" என்ற கருத்தும் அவற்றுள் ஒன்று. செய்தி பெறாதவர்கள் மருந்தைச் சராசரியாக 43 விழுக்காடு அளவே எடுத்துக்கொண்டனர். பெற்றவர்களிடம் அது 58 விழுக்காடாக உயர்ந்தது. ஏச்சு இன்றி, விளக்கத்தால் கிடைத்த பயன் இது.

தோழியரே, இதிலிருந்து நாம் கற்பது யாது? நம் வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கும் தோழியைப் பார்த்து, "இன்னுமா இதை விடவில்லை? பழகிப்போகும்" என்று சொல்வது அவளது தராசின் கவலைத் தட்டில் நாம் வைக்கும் ஒரு கல். அவள் மறைவாகச் சென்று மருந்தை உறிஞ்சும்படி கேலி செய்வது இன்னொரு கல். பெற்றோரும் "ஏன் எடுக்கவில்லை?" என்று அதட்டுவதற்கு முன், "இம்மருந்தைப் பற்றி உனக்கு என்ன பயம்?" என்று கேட்கலாம். அந்தப் பயத்தை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லலாம். மருந்தை மட்டும் தாமாக நிறுத்தலாகாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மருந்து எதற்கு என்று யாரேனும் நம்மைக் கேட்டால், அந்த நாளைத் தந்ததே அம்மருந்துதான் என்று விடை கூறுவோம்.