காசு கொடுக்குமுன் காது கொடுங்கள்

புலாவ் உபினின் கெத்தாம் பூங்காவிலும் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவிலும் வார இறுதியில் ஓடும் மலைச் சைக்கிள்களில் கைமாறி வந்தவையும் உண்டு. புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகும் வண்டி பாதி விலைக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? வண்டி பார்க்கப் போகும் உறவினர்கள் என்னையும் துணைக்கு அழைப்பார்கள். வானொலிக்காரன் அல்லவா, பளபளப்பைவிடச் சத்தத்தைத்தான் நான் நம்புவேன்.

முதலில் சட்டம். வண்டியைத் தூக்கிப் பிடித்து அடிக்குழாய், ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள பற்றவைப்பு, பெடல் அச்சைச் சுற்றிய பகுதி எல்லாவற்றையும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். பற்றவைப்பை ஒட்டி மயிரிழைபோல் கோடு ஓடினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வேகமாக இறங்கும்போது சட்டம் உடைந்தால் போவது பணம் மட்டுமல்ல. பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில்தான் வரிசை எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். வாங்கிய ரசீதைக் கேளுங்கள்.

அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக் டக்' என்றால் ஹேண்டில்பார் பேரிங் தளர்ந்திருக்கலாம். இறுக்கினாலே சரியாகிவிடுவதுண்டு. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கரகரவென்று உரசினால் பேரிங்கை மாற்ற வேண்டிவரும். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் இருக்கைக் கம்பி துருப்பிடித்து இறுகிப்போவதும் உண்டு. அதை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

செயினுக்கு ஓர் அடிக்கோல் போதும். ஆணியிலிருந்து ஆணிக்கு 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடினால் பின்சக்கரப் பற்களும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பாகும்.

முன் சஸ்பென்ஷனை அழுத்திவிட்டு அதன் வழவழப்பான குழாயைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் கசிந்தாலோ நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ செலவு காத்திருக்கிறது. கீறல் விழுந்த குழாய் சர்வீஸ் செய்தாலும் மறுபடி கசியும்.

என் அக்கா மகன் பகுதிநேர வேலையில் சேர்த்த 900 வெள்ளியோடு போனபோது, அவன் பார்த்த வண்டியில் செயினும் தேய்ந்திருந்தது, சஸ்பென்ஷனிலும் எண்ணெய்க் கசிவு. "யோசித்துச் சொல்கிறேன் அண்ணே" என்று வந்துவிட்டான். சைக்கிள் கடையில் பழுதுச் செலவை விசாரித்தான். மறுநாள் அந்தத் தொகையைக் கழித்து விலை சொன்னான். விற்பவரும் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியென்று தோன்றினால், தலைக்கவசம் போட்டு, பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எல்லா கியரையும் மாற்றுங்கள், எழுந்து நின்று மிதியுங்கள். விற்பவரின் பேச்சைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பேநவ் வழி பணத்தை அனுப்பிய பிறகு கேட்கும் சத்தத்துக்கு விலை பேச முடியாது.